சுவரில் விழுமியப் பலகை இருக்கிறது, வேலையில் ஊக்கம் இல்லை. என்ன செய்யலாம்?

கோப்புக்கட்டு:
பல்கலைக்கழக நிர்வாகப் பிரிவில் 120 பேர். ‘நேர்மை, மேன்மை, மாணவர் நலன்’ பலகை எல்லா மாடியிலும் தொங்குகிறது, வேலையில்தான் தெரியவில்லை. மாதம் ஒரு ‘சிறந்த ஊழியர்’ விருது, 60 கேள்விக் கருத்துக்கணிப்பு இரண்டும் பரிசீலனையில் உள்ளன. பலன் தருமா? ஆசிரியர்கள் இதில் ஒட்டாமல் நிற்பது ஏன்?

மேசைவிளக்கு:
விருதைத் தள்ளிப் போடுங்கள். மாதம் ஒருவர் என்றால் ஒரு சுற்று முடியவே பத்து வருடம். நாலாவது மாதமே ‘இந்த முறை யாருக்கு’ என்ற பேச்சாகிவிடும். 1959இல் உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் பிரித்துக் காட்டியது இங்கே பொருந்தும்: சம்பளம், விடுப்பு விதி, மேலதிகாரி நடத்தும் விதம் சரியானால் முணுமுணுப்பு அடங்கும், அவ்வளவுதான். ஊக்கம் வேலைக்குள்ளிருந்து வர வேண்டும்.

மதிப்பெண் சான்றிதழையே பாருங்கள். விண்ணப்பம் வாங்க ஒருவர், கட்டணம் பார்க்க ஒருவர், பதிவேட்டோடு ஒப்பிட, அச்செடுக்க, கொடுக்க ஆளுக்கொருவர். பெயரில் ஓர் எழுத்து விடுபட்டால் திட்டு வாங்குவது கடைசி ஜன்னலில் இருப்பவர். விட்டவருக்குச் சேதியே போகாது. ஒரு துறையின் விண்ணப்பங்களை முதலிலிருந்து கடைசிவரை ஒருவரிடமே கொடுங்கள். வேலை வடிவமைப்பை ஆராய்ந்த ஹாக்மனும் ஓல்டமும் 1976இல் வலியுறுத்திய ‘முழு வேலை’ இதுதான். ஒப்பிட்டுப் பார்ப்பதை மட்டும் இன்னொருவரிடம் விடுங்கள். தன் தவறு தன் கண்ணில் படாது. முறைகேட்டுக்கும் இடம் கொடுக்கக் கூடாது.

பக்கக்குறிப்பு:
பயனாளியை நேரில் காட்டுவதும் உதவும். ஆடம் கிராண்ட் குழுவின் 2007 ஆய்வு, பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசியில் நன்கொடை திரட்டுபவர்களைப் பற்றியது. அந்தப் பணத்தில் உதவித்தொகை பெற்ற மாணவரைச் சில நிமிடம் சந்தித்தவர்கள், ஒரு மாதம் கழித்து 142% கூடுதல் நேரம் பேசினார்கள், 171% கூடுதல் பணம் திரட்டினார்கள். மாணவரே பேசட்டும். துணைவேந்தர் பேசினால் அது இன்னொரு கூட்டம்.

விழுமியங்களுக்கு ஐந்து புள்ளி அளவுகோல் வேண்டாம். ‘நேர்மை முக்கியமா’ என்றால் எல்லாரும் ஐந்துதான் போடுவார்கள். நிறுவனப் பண்பாட்டை அளக்க ஓரெய்லி, சாட்மன், கால்டுவெல் என்ற ஆய்வாளர்கள் 1991இல் காட்டிய முறை கறாரானது: அட்டைக்கு ஒரு விழுமியமாக 54 அட்டைகள், 9 அடுக்குகள், அடுக்குக்கு எத்தனை அட்டை என்பது 2-4-6-9-12-9-6-4-2 கணக்கு. உச்சியில் இரண்டுக்குத்தான் இடம். ‘இங்கே எப்படி இருக்கிறது’, ‘எப்படி இருக்க வேண்டும்’ என இருமுறை அடுக்கச் சொல்லுங்கள்.

மூன்றாம்மாடி:
ஆசிரியர் விஷயம்: சமூகவியலாளர் கௌல்ட்னர் 1957இலேயே சொன்னதுதான். சிலருக்கு விசுவாசம் நிறுவனத்தின்மீது, சிலருக்குத் தம் துறையின்மீது. இரண்டாம் வகையினர் வெளியில் இருக்கும் சகாக்களின் மதிப்பையே பார்ப்பார்கள். பலகை அவர்களிடம் எடுபடாது. அவர்கள் வேலையிலிருந்தே தொடங்குங்கள்: ஆய்வுக் கட்டுரையில் எந்தப் பங்களிப்புக்கு எழுதியவர்கள் பட்டியலில் இடம், எதற்கு நன்றியுரை என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆய்வக உதவியாளர் பெயரில் சண்டை வரும். வரட்டும், விழுமியம் பேசப்படுவது அங்கேதான்.

கோப்புக்கட்டு:
அப்போ 60 கேள்வி?

பக்கக்குறிப்பு:
15 போதும். உங்கள் கையில் இருப்பதை மட்டும் கேளுங்கள்; சம்பள விகிதத்தை மாற்ற அதிகாரம் இல்லையென்றால் அந்தக் கேள்வி வேண்டாம். பிரிவு, பதவி, சேர்ந்த ஆண்டு மூன்றையும் கேட்டால் பெயர் எழுதாமலே ஆள் தெரிந்துவிடும்; பிரிவை மட்டும் வையுங்கள். ஐந்து பேருக்குக் குறைந்த பிரிவின் முடிவைத் தனியாகக் காட்டாமல் பக்கத்துப் பிரிவோடு சேர்த்துவிடுங்கள்.