ஆயில் எஞ்சினா, நீர்மூழ்கி மோட்டாரா: எது காலை வாராது?

வடுவூரான்:
அப்பா வாங்கிய 5 குதிரைத்திறன் ஆயில் எஞ்சின் எங்கள் களத்தில் இன்னும் ஓடுகிறது. வால்வைத் திறந்து வைக்கும் நெம்புகோலைத் தூக்கி, கைப்பிடியைச் சுற்றி, வேகம் ஏறியதும் நெம்புகோலை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பாட்டரி வேண்டாம், பேனல் போர்டு வேண்டாம். பக்கத்து வயலில் ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்கியிருந்த நீர்மூழ்கி மோட்டார் காயில் கருகி, மொத்தக் குழாயையும் மேலே இழுப்பதற்குள் குறுவை நாற்று காய்ந்துவிட்டது. பாகம் குறைந்தால் பழுதும் குறையும், அவ்வளவுதான்.

ஸ்பானர்:
அண்ணன் பாகங்களை எண்ணிப் பார்த்தாரா? பிஸ்டன், ரிங், கிராங்க், கேம், வால்வுகள், ராக்கர், டீசல் பம்ப், நாசில், கவர்னர். நீர்மூழ்கியில் சுழல்வது ஒரே தண்டும் அதில் கோத்த, நீரைத் தள்ளும் இம்பெல்லர் சக்கரங்களும்தான். கண்ணுக்குத் தெரிவதை எளிது என்கிறீர்கள். காயில் கருகியதும் பெரும்பாலும் மூன்று பேஸ் மின் இணைப்பில் ஒரு பேஸ் போன பிறகும் மோட்டார் ஓடியதால்தான் இருக்கும். மற்ற இரண்டில் மின்னோட்டம் ஏறிச் சூடாகிவிடும். அதைத் தடுக்கும் ரிலே ஒன்று மாட்டியிருந்தால் தப்பித்திருக்கும். பாகம் கூடியதால் பிழைக்கிற மோட்டார் அது.

வடுவூரான்:
தம்பி, மோட்டாரை மட்டும் எண்ணினால் போதுமா? அதன் வால் டிரான்ஸ்பார்மரையும் தாண்டி நீள்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துக் கம்பங்கள் சாய்ந்தபோது பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மோட்டாரில் ஒரு குறையும் இல்லை, தண்ணீர்தான் வரவில்லை. எங்கள் தெருவே இந்த எஞ்சின் தண்ணீரில்தான் குளித்தது.

ஸ்பானர்:
புயல் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். மற்ற நாட்களுக்கு என்ன சொல்கிறீர்கள்? பம்ப் காற்று வாங்கிப் பாரம் விட்டுப்போனால், வேகம் கட்டுமீறி ஏறாதபடி டீசலைக் குறைத்து உங்கள் எஞ்சினைக் காப்பது கவர்னர். எளிமைதான் பெரிது என்றால் அதைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

திருவையாற்றுக்காரன்:
நிலத்தடி நீர் மட்டத்தை இருவருமே மறந்துவிட்டீர்கள். மேலே நிற்கும் பம்ப் நடைமுறையில் 25 அடி ஆழத்துக்கு மேல் உறிஞ்சாது. காற்றழுத்தத்தின் எல்லையே ஏறத்தாழ 34 அடி. நீர் அதற்கும் கீழே போன ஊரில் எளிய பம்ப் பழுதாகவும் ஆகாது, தண்ணீரும் தராது.

வடுவூரான்:
எங்கள் ஃபில்டர் பாயிண்டில் (ஆழம் குறைந்த குழாய்க் கிணறு) கோடையில் குழி வெட்டிப் பம்பை மட்டும் கீழே இறக்கி, மேலே இருக்கும் எஞ்சினிலிருந்து பெல்ட் போடுகிறோம். எஞ்சினையே குழிக்குள் இறக்கிவிடாதீர்கள், புகை தேங்கி ஆளைக் கொன்றுவிடும். கவர்னரைக் கழற்றச் சொன்ன தம்பி பக்கத்தில் வந்து நிற்கட்டும், கழற்றுகிறேன்.