கீழத்தெரு கருப்பையா, மூன்று தடவை: எக்செல்லில் இரட்டையாக வந்த வரிகளை நீக்கிய அனுபவங்கள்

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். அங்கே மொய் என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடலாம். தெரியாதவர்களுக்காக: ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடக்கும். கறிச்சோறு போடுவார்கள். வந்தவர்கள் எழுதிவிட்டுப் போகும் பணம் ஒரு வகையில் கடன்தான். அவர்கள் வீட்டு விசேஷம் வரும்போது, நாம் வாங்கியதையும், அதற்கு மேல் கொஞ்சமும் வைத்துத் திருப்பி எழுத வேண்டும். அதனால் மொய் நோட்டு பீரோவுக்குள் வீட்டுப் பத்திரத்தோடு இருக்கும்.

எங்கள் வீட்டில் மூன்று நோட்டு. 2009இல் அக்கா கல்யாணம், 2014இல் வீடு குடிபோனது, 2019இல் மொய் விருந்து. அப்பாவுக்குக் கண்புரை வந்த பிறகு நோட்டு எழுத்து சரியாகத் தெரியவில்லை. "எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திப் பெரிய எழுத்தா அடிச்சுக் குடுடா" என்றார். எக்செல்லில் ஊர், பெயர், தொகை, விசேஷம் என்று நாலு பத்தி (column) போட்டு உட்கார்ந்தேன். 2,346 வரி. வேலைக்குப் போய்வந்து ராத்திரியில் அடித்து முடிக்க 16 நாள் ஆனது.

முடித்ததும் ஓர் ஆசை வந்தது பாருங்கள், அதுதான் வினை. ஒரே ஆள் மூன்று விசேஷத்துக்கும் வந்திருப்பார், மூன்று வரி இருக்கும். ஆளுக்கு ஒரு வரி இருந்தால் அப்பாவுக்குச் சுலபமாக இருக்குமே என்று டேட்டா மெனுவில் ரிமூவ் டூப்ளிகேட்ஸ் போய், ஊர், பெயர் இரண்டுக்கு மட்டும் டிக் அடித்தேன். 1,038 வரி நீக்கப்பட்டது, 1,308 மிச்சம் என்று பெட்டி வந்தது. என்னமோ சாதித்துவிட்ட மாதிரி அதை ஸ்கிரீன்ஷாட் வேறு எடுத்து வைத்தேன். ஃபைலை சேவ் செய்து மூடி, பிரிண்ட் எடுத்து அப்பாவிடம் கொடுத்தாயிற்று.

பத்து நாளில் ஒரு கல்யாணம். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் வீடு. அப்பா தாளைப் பார்த்தார். மாமா பெயருக்கு நேரே 500. சரி, இரட்டிப்பாகவே செய்வோம் என்று 1,000 எழுதினார். எங்கள் பக்கம் சில விசேஷங்களில் தொகையை மைக்கில் படிப்பார்கள். படித்தார்கள். மாமா முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, "சாப்டீங்களா மச்சான்" என்றுதான் கேட்டாராம். வீட்டுக்கு வந்து அம்மா பழைய நோட்டைப் புரட்டினால், 2019 விருந்தில் மாமா எழுதியது 10,000.

நடந்தது இதுதான். அந்தப் பட்டன், டிக் அடித்த பத்திகளை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போனால் மேலே இருக்கும் முதல் வரியை வைத்துக்கொண்டு கீழே இருப்பதை முழு வரியாகத் தூக்கிவிடும். எது பெரிய தொகை, எது புதுசு என்றெல்லாம் அதற்குக் கவலை இல்லை. நான் 2009 நோட்டை முதலில் அடித்தேன், அதனால் எல்லோருக்கும் 2009 தொகைதான் மிஞ்சியது. மறுநாள் அப்பா மீதிப் பணத்தோடு போய், "நோட்டுல பாக்க விட்டுப்போச்சு மச்சான்" என்று சொல்லிவிட்டு வந்தார். என் பெயரைச் சொல்லவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

நல்ல வேளை, அடித்து முடித்த அன்றைக்கே தம்பிக்கு ஒரு காப்பி வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தேன். அதை எடுத்து, இந்தத் தடவை நாலு பத்திக்கும் டிக் அடித்தேன். ஊர், பெயர், தொகை, விசேஷம் நாலும் ஒன்றாக இருந்தால் அது நான் இரண்டு தடவை தட்டியதாகத்தானே இருக்கும்? 41 வரி போயிற்று. அப்பாவிடம் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொன்னார்.

"கீழத்தெரு கருப்பையா ஒண்ணுதான் வருது. மத்த ரெண்டு பேரும் எங்க?"

நோட்டை எடுத்தோம். 2019, கீழத்தெரு கருப்பையா 500. ஆறு பக்கம் தள்ளி இன்னொரு கீழத்தெரு கருப்பையா 500. கடைசிப் பக்கத்தில் இன்னொன்று. இனிஷியல் இல்லை. எனக்கு மூன்றும் ஒன்றாகத்தான் தெரிந்தது. அப்பா விரலை அந்த வரியில் வைத்து, "இதுக்கு மேல யாரு பேரு இருக்கு?" என்றார். சின்னத்தம்பி என்றேன். "அப்ப இது போர்வெல் கருப்பையா. ரெண்டு பேரும் ஒரே வண்டியிலதான் வருவாங்க. அடுத்தது?" அதற்கு மேலே மேலத்தெரு ஆட்கள் வரிசையாக இருந்தார்கள். "அது தபால்கார கருப்பையா, பொண்ணு குடுத்த வீட்டாளுங்களோட வந்திருக்காரு." மூன்றாவது, தபால்காரரின் பேரன். தாத்தா பேரை வைத்திருக்கிறார்கள், வேறென்ன.

அதாவது நோட்டில் பெயர் மட்டும் இல்லை, யாருக்கு அடுத்து யார் என்பதும் இருக்கிறது. நானோ அடித்த கையோடு எல்லாவற்றையும் அகர வரிசையில் அடுக்கியிருந்தேன். வரிசை எண் போட ஒரு பத்தி கூட வைக்கவில்லை.

இது என் கதை. மற்றவர்களுக்கும் இருக்கும், சொல்லுங்கள்.

* * *

அண்ணே, உங்களுக்கு மாமாவோடு போயிற்று. எனக்கு ஆடிட்டரிடம் போயிருக்கும்.

ஈரோட்டில் ஜவுளி மொத்தக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். சரக்கு அனுப்புகிறவர்கள் முதலில் பில்லை போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் போடுவார்கள். நான் ஏற்றிவிடுவேன். நாலு நாள் கழித்து லாரியில் பண்டலோடு காகித பில் வரும், அதைப் பக்கத்து சீட் பையன் ஏற்றுவான். நான் 47 என்று போட்டிருப்பேன், அவன் 047 என்று போட்டிருப்பான். எண்ணாக இல்லாமல் எழுத்தாக (டெக்ஸ்ட்) போட்டால் எக்செல்லுக்கு அவை வேறு வேறு பில். ஒரு தடவை ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போய்விட்டது. சேலத்துப் பார்ட்டி நல்ல மனுஷன், அவரே போன் செய்து சொன்னார்.

அதிலிருந்து பில் நம்பரை நம்புவதை விட்டுவிட்டேன். பார்ட்டியின் ஜிஎஸ்டி நம்பர், பில் தேதி, மொத்தத் தொகை மூன்றையும் ஒட்டி ஒரு தனிப் பத்தி செய்து அதில்தான் இரட்டை தேடுவேன், இரட்டை இருந்தால் மஞ்சள் ஆகும்படி வைத்திருக்கிறேன். அதிலும் ஒரு நாள் கூத்து. இரண்டு வரியும் கண்ணுக்கு ஒன்றுதான், ஆனால் மஞ்சள் ஆகவே இல்லை. லென் போட்டு எழுத்தை எண்ணினேன். ஜிஎஸ்டி நம்பர் 15 எழுத்து. ஒன்றில் 15, இன்னொன்றில் 16! கடைசியில் ஒரு ஸ்பேஸ். கூடுதல் ஸ்பேஸை நீக்கும் ட்ரிம் போட்டும் 16தான். வெப்சைட்டிலிருந்து காப்பி அடித்தால் சில சமயம் வேறு ஜாதி ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டு வரும், கேரக்டர் எண் 160. ட்ரிம் நீக்குவது 32ஆம் எண் ஸ்பேஸை மட்டும். ஓர் எழுத்தை மாற்றிப் போடும் சப்ஸ்டிட்யூட்டில் கேரக்டர் 160ஐ எடுத்துவிட்டு அப்புறம் ட்ரிம் போட்டால்தான் போகும்.

இன்னொன்று, புதிதாக வந்தவர்கள் செய்வது. ஜிஎஸ்டி நம்பரில் முதல் 2 எண் மாநிலம், அடுத்த 10 எழுத்து பான் நம்பர். பான் ஒன்றுதானே என்று 33இல் தொடங்கும் தமிழ்நாட்டுக் கிளையையும் 29இல் தொடங்கும் கர்நாடகக் கிளையையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். கம்பெனி ஒன்றுதான், பதிவு வேறு. தமிழ்நாட்டு பில்லில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி (மத்திய, மாநில வரி) வரும். கர்நாடக பில்லில் ஐஜிஎஸ்டி (மாநிலம் தாண்டி வரும் சரக்குக்கான வரி). நான் ஒரு தடவை ஒன்றாக்கி, பிரித்தெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

* * *

சின்னதாக ஒன்று. மாணவர் உதவித்தொகைப் பட்டியல், வங்கிக் கணக்கு எண் 16 இலக்கம். டெக்ஸ்டாகத்தான் வைத்திருந்தேன். ஒன்று எத்தனை தடவை வருகிறது என்று எண்ணும் கவுண்டிஃப் போட்டால் இரண்டு பெண்கள் ஒரே கணக்கு எண் என்று வந்தது. மோசடி என்றே முடிவு கட்டி அவர்கள் அம்மாவை வரச் சொல்லிவிட்டோம். பாவம், கூலி வேலையை விட்டுவிட்டு இரண்டு பாஸ்புக்கையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தார். அக்கா தங்கை. ஒரே நாளில் ஒரே கவுண்டரில் கணக்குத் தொடங்கியிருக்கிறார்கள். கடைசி இலக்கம் மட்டும் 3, 4.

டெக்ஸ்டாக இருந்தாலும் கவுண்டிஃப் எண் மாதிரி இருப்பதை எண்ணாகவே பார்க்கும், எக்செல்லுக்கு 15 இலக்கத்துக்கு மேல் கணக்கு இல்லை. 16ஆவது எதுவாக இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். தேடும் எண்ணோடு ஒரு நட்சத்திரக் குறியை ஒட்டிவிட்டால் எழுத்தாகப் பார்க்கும். இதை அந்த அம்மா வந்து போன பிறகு தெரிந்துகொண்டேன்.

* * *

நான் யாழ்ப்பாணம். வெள்ள நிவாரணப் பட்டியல் ஒன்று சரிபார்க்க உதவிக்குப் போனனான். மூன்று இடத்திலிருந்து மூன்று பட்டியல், ஒரே குடும்பம் இரண்டு மூன்று தரம் வரும் என்று தெரியும். பெயரை வைத்துப் பார்க்க ஏலாது. ஒரு ஆள் ஒரு பட்டியலில் தகப்பன் பெயரோடும், மற்றதில் புருஷன் பெயரோடும் இருப்பா. சரி, தேசிய அடையாள அட்டை இலக்கம் இருக்குத்தானே என்று அதை வைத்துத் தேடினால் ஆறே ஆறு பேர்தான் இரட்டையாக வந்தது. எனக்கு நம்பிக்கை வரேல்லை.

பிறகுதான் கண்டனான். எங்கட பழைய இலக்கம் 9 எண்ணும் கடைசியில் வி அல்லது எக்ஸ் எழுத்தும். 2016இலிருந்து வந்த புது அட்டையில் 12 எண், எழுத்து இல்லை. ஒரே மனுசிக்கு ஒரு படிவத்தில் பழையதும் மற்றதில் புதியதும் எழுதிக் கிடக்கு. பழையதைப் புதியதாக மாற்றுவது பெரிய வேலை இல்லை: முன்னுக்கு 19 போட்டு, பழைய இலக்கத்தின் முதல் 5 எண், பிறகு ஒரு 0, பிறகு மிச்ச 4 எண், எழுத்தை விட்டுவிட வேண்டும். அப்படி எல்லாத்தையும் 12 ஆக்கினவுடனே 73 பேர் வந்தினம்.

அந்த இலக்கத்தில் இன்னொரு வசதியும் இருக்கு. பிறந்த ஆண்டுக்குப் பிறகு வரும் 3 எண், ஆண்டின் எத்தனையாம் நாள் பிறந்தது என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டி இருக்கும். ஆம்பிளைப் பெயருக்கு நேரே 612 என்று கிடந்தால் மனுசியின்ட இலக்கத்தை எழுதிப்போட்டார் என்று பிடிக்கலாம். அப்படி நாலு பேர் இருந்தவை. ஒருவரையும் அழிக்கேல்லை, கிராம சேவையாளரிட்டைக் கேட்டுத்தான் திருத்தினனாங்கள். சோற்றுப் பட்டியல், விளையாட்டில்லை.

* * *

கோயில் உபயதாரர் பட்டியல், தமிழிலேயே தட்டியது. ஸ்ரீதரன் இரண்டு தடவை, ஒரே முகவரி, ஒரே தெரு. எக்செல் வேறு வேறு என்கிறது. ஸ்பேஸ் இல்லை, லென்னும் ஒன்றுதான். கடைசியில் யூனிகோட் ஃபங்ஷன் போட்டு முதல் எழுத்தின் எண்ணைப் பார்த்தால், ஒன்றுக்கு 3000, மற்றதற்கு 2998. ஒருவர் கீபோர்டில் ஸ வைத்து ஸ்ரீ வருகிறது. இன்னொருவர் கீபோர்டில் ஶ, யூனிகோடில் (எழுத்துக்கெல்லாம் எண் கொடுக்கும் பட்டியல்) 2005இல் சேர்த்த எழுத்து. திரையில் இரண்டும் ஒரே ஸ்ரீ. ஸ்ரீனிவாசன், ஸ்ரீதேவி, ஸ்ரீரங்கம் என்று எத்தனை இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், அதுவும் கோயில் பட்டியலில்!

* * *

ஆரம்பித்தவன்தான் மறுபடி. ஶ விஷயம் படித்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன், எங்கள் நோட்டில் ஸ்ரீ மூன்றே பேர்தான், தப்பித்தேன்.

பட்டியல் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தார்கள். எதையும் நீக்கவில்லை. 2,346 வரியும் அப்படியே இருக்கின்றன. முதல் பத்தியில் வரிசை எண், இரண்டாவதில் எந்த நோட்டு, எந்தப் பக்கம். கடைசியில் குடும்ப எண் என்று ஒரு பத்தி. ஆளை அடையாளம் தெரிந்தால் அப்பா ஒரு எண் சொல்வார், நான் போடுவேன். மு.கருப்பையா, கருப்பையா.மு, வெறும் கருப்பையா மூன்றும் ஓர் ஆள் என்றால் மூன்றுக்கும் அதே எண். தபால்காரருக்கு 118, அவர் பேரன் தனிக்குடித்தனம் போய்விட்டதால் 119. மொத்தம் பார்க்க, வரிகளைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள் போட்டு, குடும்ப எண்ணுக்கு நேரே மூன்று விசேஷத் தொகையும் பக்கத்தில் பக்கத்தில் வருகிறது. அப்பாவுக்கு அந்தத் தாள்தான் போகிறது.

நோட்டைப் பார்த்ததில், இரண்டாவது தடவை நீக்கிய 41 வரியில் நான் தவறாக இரண்டு தடவை தட்டியது 9தான். மிச்சம் 32ம் ஆளே வேறு, அல்லது ஒரே ஆள் தனக்கு ஒன்று, வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்கு ஒன்று என்று இரண்டு எழுதியது.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. செருவாவிடுதி ராமசாமி, 2014, 200 ரூபாய், அடுத்தடுத்த வரியில் இரண்டு தடவை. மொய் எழுதியவர் கைதவறி எழுதினாரா, அண்ணன் தம்பிக்கு ஒரே பேரா, அப்பாவுக்கே தெரியவில்லை. போன் போட்டுக் கேட்கலாமே என்றேன். "குடுத்தியா குடுக்கலியான்னு போன்ல கேக்குறதாடா?" என்றார். ஆடியில் அவர் வீட்டில் விருந்து இருக்கிறதாம், நேரில் போய்ப் பேச்சோடு பேச்சாகக் கேட்டுக்கொள்வாராம். அதுவரை இரண்டு வரியும் மஞ்சளாகவே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். 400 எடுத்துவைக்கச் சொல்லி அம்மாவிடம் சொல்லியாயிற்று.