‘அந்த நாள்’ போட்டால் பசங்கள் சிரிக்கிறார்கள், ‘மெட்ராஸ்’ போட்டால் பெரியவர்கள் எழுந்து போகிறார்கள். எதை வைத்துப் பேசுவது?

கொடுங்கையூர்_படிப்பகம்:

எல்லோருக்கும் வணக்கம். வடசென்னையில் எங்கள் தெருவில் ஒரு சின்னப் படிப்பகம் இருக்கிறது. நான்கு மாதமாக மாதத்தில் இரண்டாவது ஞாயிறு சாயங்காலம் அங்கே படம் போடுகிறோம். சுண்ணாம்பு அடித்த சுவர், இரவல் வாங்கிய புரொஜெக்டர், முப்பது பேர் வரை வருவார்கள். படம் முடிந்ததும் அரை மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும், அதுதான் ஏற்பாடு. பேச்சை நடத்துவது நான். அங்கேதான் தடுமாறுகிறேன்.

முதல் மாதம் ‘அந்த நாள்’. 1954-இல் வந்த படம், ஒரு பாட்டுகூடக் கிடையாது, துப்பாக்கிச் சத்தத்தோடு ஆரம்பிக்கிறது, பசங்கள் அசையாமல் பார்ப்பார்கள் என்று நம்பிப் போட்டேன். சிவாஜி வாயைத் திறந்ததும் பின்வரிசையில் சிரிப்பு. அடுத்த மாதம் ‘உதிரிப்பூக்கள்’, பாதிப் பேர் ‘ரொம்ப ஸ்லோ’ என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார்கள். மூன்றாவது மாதம், நம் வடசென்னையிலேயே நடக்கிற ‘மெட்ராஸ்’ போட்டதற்குப் பெரியவர்கள் இரண்டு பேர் நடுவிலேயே எழுந்து, ‘நம்ம பக்கம் என்றாலே வெட்டும் குத்தும்தானா’ என்று கேட்டுவிட்டுப் போனார்கள். போன மாதம் ‘ஜெகன்மோகினி’. எலும்புக்கூடும் பேயும் வந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் பேச்சு தொடங்கியதும் எட்டாவது படிக்கும் பையன், ‘அண்ணா, இது நல்ல படமா?’ என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

‘அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்’ என்று சொன்னால், ஏதோ பாவம் பார்த்துப் பாஸ் போடுவது மாதிரி பசங்களுக்குக் கேட்கிறது. எனக்கே அப்படித்தான் கேட்கிறது. அதற்காக 1954 படத்தை இன்றைய படத்தோடு சேர்த்து வைத்து மார்க் போடுவதும் சரியாகப் படவில்லை. துப்பறியும் கதை, குடும்பக் கதை, பேய்ப் படம் எல்லாவற்றையும் எப்படி ஒரே மாதிரி பேசுவது? நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

பழைய_பிராட்வே:

தம்பி, ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன் நான், வயது எழுபத்து நான்கு. எங்கள் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பிராட்வே தியேட்டரில் ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வந்து, மூன்று தீபாவளி பார்த்த கதையை அவர் வாயால் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அந்தப் படத்தை இன்றைக்குப் போட்டாலும் உங்கள் பசங்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அதில் தப்பில்லை. ஆனால் ஏன் அப்படி நடித்தார்கள் என்று படத்துக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். முடிந்த பிறகு சொன்னால் அது சமாதானம் மாதிரி ஆகிவிடும்.

சிவாஜி சின்ன வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். கொட்டகையில் மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் ஒவ்வொரு எழுத்தும் போய்ச் சேர வேண்டும், அதற்காகப் பழக்கிய தொண்டை அது. அதைத் தெரிந்துகொண்டு ‘பராசக்தி’யின் கோர்ட் காட்சியைப் பாருங்கள், அது 1952. அப்புறம் ‘அந்த நாள்’ பாருங்கள். இரண்டே வருஷ இடைவெளியில் அதே மனிதர் குரலை எவ்வளவு இறக்கியிருக்கிறார்! முதல் காட்சியிலேயே சுடப்பட்டுச் சாகிற வேடத்தை, அதுவும் பாட்டே இல்லாத படத்தில், அவ்வளவு பெயர் வாங்கிய பிறகு ஒத்துக்கொண்டிருக்கிறார். பழைய படத்தை அதன் அக்கம்பக்கத்துப் படத்தோடு வைத்துப் பார்த்தால்தான் அது எங்கே எட்டு எடுத்து வைத்தது, எங்கே பழகிய தடத்திலேயே போனது என்று தெரியும். இன்றைய படத்தோடு வைத்தால் எல்லாமே சத்தமாகத்தான் கேட்கும்.

இன்னொன்று. அந்தக் கதை நடக்கிற காலத்தைப் பசங்களிடம் சொன்னீர்களா? 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னைமேல் குண்டு போட்ட மறுநாள் கதை தொடங்குகிறது. அதற்கு முந்தின வருஷமே, ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்ற பயத்தில் பாதிப் பட்டணம் ஊரைக் காலி செய்துவிட்டுப் போனது. எங்கள் பாட்டி இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பொன்னேரி பக்கம் நடந்தே போனவள். அந்தப் பயத்தோடு வாழ்ந்த ஜனங்கள் பதினோரு வருஷம் கழித்து இதைத் தியேட்டரில் பார்த்திருக்கிறார்கள். நம் துறைமுகம் இருக்கிற ஊரின் கதை தம்பி, அதைச் சொல்லாமல் போடாதீர்கள்.

ஒலிக்கூடம்_பெரம்பூர்:

சினிமாவில் ஒலிக்கலவை வேலையில் பத்து வருஷமாக உதவியாளராக இருக்கிறேன். முதலில் ஒரு கேள்வி. ‘அந்த நாள்’ ஓடும்போது ஆட்களின் முகம் கொஞ்சம் அகலமாக, குண்டாகத் தெரிந்ததா? அந்தக் காலத்துப் படச்சட்டம் கிட்டத்தட்டச் சதுரம். புரொஜெக்டரில் ‘முழுத்திரை’ என்று வைத்தால் பக்கவாட்டில் இழுத்துவிடும். சில பிரதிகளில் இழுக்காமல் மேலேயும் கீழேயும் வெட்டியிருப்பார்கள், நெற்றி போய்விடும். நடை, முகம், கை எல்லாம் விகாரமாகத் தெரியும்போது யாருக்கும் சிரிப்பு வரும். விமர்சனம் பண்ணுவதற்கு முன்னால் நாம் பார்த்தது எடுத்த படத்தைத்தானா என்று ஒருமுறை உறுதி செய்துகொள்வது நல்லது.

‘ஸ்லோ’ என்ற வார்த்தையோடு யாரையும் விடாதீர்கள். எந்தக் காட்சியில் என்று கேளுங்கள். காட்சியைச் சொல்லும்போதே பாதிப் பேர் மனதை மாற்றிக்கொள்வார்கள், மீதிப் பேர் நிஜமாகவே தொய்வான இடத்தைக் காட்டுவார்கள், இரண்டுமே லாபம். ‘உதிரிப்பூக்கள்’ இயக்கிய மகேந்திரன் யார் என்று யோசித்துப் பாருங்கள். 1974-இல் ‘தங்கப்பதக்கம்’ படத்துக்கு வசனம் எழுதியவர். அனல் பறக்கும் வசனம் எழுதத் தெரிந்த கை ஐந்து வருஷம் கழித்து ‘உதிரிப்பூக்க’ளில் ஆளை ஆள் பார்ப்பதையே காட்சியாக வைக்கிறது. வசனம் எழுத வராமல் வந்த மௌனம் இல்லை அது, வேண்டும் என்றே வைத்தது. இளையராஜாவும் பல இடத்தில் வாசிக்காமல் நிறுத்தியிருப்பார். அந்த நிறுத்தத்தைக் கேட்க உங்கள் படிப்பகத்தில் மின்விசிறிச் சத்தமும் தெருச் சத்தமும் விடாது. அதனால் நல்ல ஸ்பீக்கர் ஒன்றை வையுங்கள், கதவையும் சாத்துங்கள்.

வகை வகையான படத்தைப் பேசுவது பற்றிக் கேட்டீர்கள். நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இந்தக் காட்சி எனக்கு என்ன செய்யப் பார்க்கிறது, செய்ததா? ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி இருக்கிறதே, அதை முதலில் சத்தத்தை அணைத்துவிட்டுப் போடுங்கள். பாலையாவின் முகம் மட்டும் போதும், சிரிப்பு வரும். அப்புறம் படத்தை மறைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் போடுங்கள். நாகேஷின் குரலும் அவர் வாயாலேயே போடும் சத்தங்களும் தனியாக ஒரு பேய்ப் படம் ஓட்டும். 1964-இல் எடுத்த காட்சி, ஒரு பொருளும் பழையதாகவில்லை. சிரிக்க வைப்பது லேசான வேலை என்று நினைக்கிறவர்கள் அந்த நான்கைந்து நிமிடத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

‘ஜெகன்மோகினி’யைக் கேட்ட பையனுக்கு என் பதில்: பேய் அடுப்புக்குள் விறகுக்குப் பதிலாகத் தன் காலையே வைத்துச் சமைக்கிறதே, அது நல்ல சினிமா. வீட்டுக்குள் எல்லோரும் தினமும் பார்க்கிற அடுப்பை எடுத்து அதிலேயே பயத்தையும் சிரிப்பையும் சேர்த்து வைத்துவிட்டார் இயக்குநர் விட்டலாச்சார்யா. ஆனால் பேய் வராத இடங்களில் படம் தூங்குகிறது. இரண்டையும் அவனிடம் சொல்லலாம், எட்டாவது படிக்கிறவனுக்கு நன்றாகவே புரியும்.

வியாசை_வாசகி:

மேலே இரண்டு பேரும் சொன்னது நடிப்புக்கும் தொழில்நுட்பத்துக்கும் சரி. ஆனால் ‘அந்தக் காலம்’ என்ற சலுகையை எல்லாவற்றுக்கும் நீட்டாதீர்கள். மனிதர்களை எப்படிக் காட்டினார்கள் என்பதற்கு அதைக் கொடுக்கக் கூடாது.

எத்தனை படத்தில் நம் வடசென்னைப் பேச்சு சிரிப்புக்கு மட்டும் வந்தது, எத்தனை படத்தில் கத்தி எடுப்பவன் வாயில் மட்டும் வந்தது என்று எண்ணிப் பாருங்கள். ‘அப்போது அப்படித்தான் எடுப்பார்கள்’ என்று யாராவது சொன்னால் நான் ‘உன்னைப்போல் ஒருவன்’ படத்தைச் சொல்வேன். ஜெயகாந்தன் தன் கதையைத் தானே இயக்கி 1965-இல் எடுத்தது, சேரியில் வாழும் ஒரு தாயும் மகனும்தான் படம். அவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, தெய்வமாக்கவும் இல்லை. அப்போதே ஒருவரால் அப்படி எடுக்க முடிந்திருக்கிறது என்றால் மற்றவர்கள் எடுக்காமல் விட்டதற்குக் காலத்தைக் காரணம் சொல்ல முடியாது.

எழுந்து போன அந்தப் பெரியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் தம்பி ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனபோது விலாசத்தைப் பார்த்துவிட்டு, ‘ஓ, அந்தப் பக்கமா, அங்கே எல்லாம் ரவுடிகள்தானே’ என்று நேர்காணலிலேயே கேட்டார்கள். பி.காம். முதல் வகுப்பில் தேறியவன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. படத்தில் ஒருமுறை குத்தினால் நேரில் எங்களுக்குப் பத்து இடத்தில் வலிக்கிறது, அதனால்தான் பெரியவர்களால் உட்கார முடியவில்லை.

இருந்தாலும் ‘மெட்ராஸ்’ படத்தை அவர்கள் முழுசாகப் பார்த்திருக்க வேண்டும். ஹவுசிங் போர்டு மாடிப்படி, குடம், கால்பந்து, ஐ.டி. வேலைக்குப் போய்வரும் காளி, புருஷன் பொண்டாட்டி அன்புவும் மேரியும் ஒருத்தரை ஒருத்தர் சீண்டிக்கொள்ளும் அழகு. 2014 வரைக்கும் நான் திரையில் பார்த்திராத என் தெரு அது. ஒரு சுவர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை வைத்தே முழுப் படத்தையும் நகர்த்தியிருக்கிறார் ரஞ்சித். எனக்குக் குறையாகப் பட்டது கடைசிப் பகுதி. அதுவரை நண்பர்கள், குடும்பம், கட்சி என்று பல பேர் சேர்ந்து தாங்கிய கதை, முடிவில் ஒற்றை ஆள் அடித்துத் தீர்க்கும் கதையாகச் சுருங்கிவிடுகிறது. அவருடைய ‘சார்பட்டா பரம்பரை’யிலும் இதே குறைதான். 1976-இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட செய்தி குத்துச்சண்டை மேடைக்கே வந்து சேருகிற இடம் வரைக்கும் ஊரே படத்தில் இருக்கிறது, அப்புறம் கதாநாயகன் கபிலன் மட்டும் மிச்சம். நமக்குப் பிடித்த இயக்குநர், நம் ஊர்ப் படம் என்பதற்காக இதைச் சொல்லாமல் விட்டால் பழைய படத்துக்குக் கொடுக்கும் சலுகையையே புதுப் படத்துக்கும் கொடுத்ததாகிவிடும்.

பழைய_பிராட்வே:

வியாசை பாப்பா சொன்னதை இரண்டு தடவை படித்தேன். நான் சின்னப் பையனாகத் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து நம் பாஷையைக் கேட்டுக் கைதட்டிச் சிரித்தவன். நம் பேச்சு படத்தில் வருகிறதே என்ற சந்தோஷம்தான் அது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று அன்றைக்கு யோசிக்கத் தோன்றவில்லை. நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் அந்தக் கைதட்டலும் நிஜம் அம்மா, பேசும்போது அதையும் சேர்த்துப் பேசுங்கள்.

கொடுங்கையூர்_படிப்பகம்:

பெரம்பூர் அண்ணா, இப்போதுதான் புரொஜெக்டரை எடுத்துப் பார்த்தேன். இழுத்துத்தான் ஓடியிருக்கிறது! சரியான அளவில் வைத்து ‘அந்த நாள்’ முதல் பத்து நிமிடத்தை மறுபடி பார்த்தேன், சிவாஜியின் முகமே வேறு மாதிரி இருக்கிறது. மூன்று மாதமாகப் பசங்களுக்கு ரசனை இல்லை என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன், அவர்களிடம் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் போகிறேன்.

வரும் இரண்டாவது ஞாயிறு ஆறு மணிக்கு முழுப் படம் போடப் போவதில்லை. ‘அந்த நாள்’ முதல் பத்து நிமிடம் மறுபடியும், பாலையா–நாகேஷ் காட்சி பெரம்பூர் அண்ணா சொன்ன மாதிரி இரண்டு விதமாக, அப்புறம் ‘மெட்ராஸ்’ கடைசி இருபது நிமிடம். எழுந்து போன இரண்டு பெரியவர்கள் வீட்டுக்கும் நேரில் போய்க் கூப்பிட்டுவிட்டேன், ஒருவர் வருகிறேன் என்றார். ராயபுரம் ஐயா, நீங்கள் வந்து குண்டு போட்ட கதையைச் சொன்னால் நன்றாக இருக்கும். பஸ் ஸ்டாண்டிலிருந்து அழைத்துவர ஆள் அனுப்புகிறேன்.

பழைய_பிராட்வே:

வருகிறேன் தம்பி. முட்டி வலி இருக்கிறது, கொஞ்சம் உயரமான நாற்காலி ஒன்று மட்டும் போட்டு வையுங்கள்.

வியாசை_வாசகி:

நானும் தம்பியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். கடைசி இருபது நிமிடத்தைப் பற்றி அவனுக்கு என் கருத்து கிடையாது, அந்த முடிவுதான் சரி என்று இரண்டு வருஷமாக என்னோடு சண்டை போடுகிறான்.