கோடியக்கரையில் மட்டக்குதிரையை நேருக்கு நேர் பார்த்தவர்கள் உண்டா?

தஞ்சாவூரான்:
போன சித்திரையில் நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. ராமர் பாதம் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். அந்த ஊர் வெயிலைச் சொல்லவேண்டாம். வழியில் ஒரு சிமெண்டுத் தொட்டி, அடியில் பாசி மட்டும்தான். ஒரு மட்டக்குதிரை கழுத்தை உள்ளே விட்டுச் சுவரை நக்கிக்கொண்டிருந்தது. சரக் சரக்கென்று சத்தம். பத்தடி தள்ளி ஆண் வெளிமான் ஒன்று, திருகு கொம்போடு, ரேஷன் கடை வரிசையில் நிற்கிற மாதிரி பொறுமையாக நின்றது. என் கையில் அரை பாட்டில் தண்ணீர். ஊற்றலாமா என்று யோசித்தேன், ஊற்றாமல் வந்துவிட்டேன்.

அளத்துக்காரன்:
ஊற்றியிருந்தாலும் குடித்திருக்காது அண்ணே, கிட்டே போனாலே ஓடிவிடும். ஆனால் கஜா புயல் அடித்த அன்றைக்கு (2018 நவம்பர் 16) ஓடவில்லை. விடிந்து பார்த்தால் எங்கள் வீட்டில் ஓடு ஒன்றுகூட இல்லை. இடிந்த அடுப்படியில், எங்கள் ஆடுகளோடு ஒட்டிக்கொண்டு ஒரு மான். உடம்பெல்லாம் சேறு, முழங்கால் நடுங்கியது. விரட்டப் போன தம்பியை அப்பா தடுத்துவிட்டார். மத்தியானம் தானாகப் போய்விட்டது. அந்த வாரம் காரைக்கால் பக்கம் மான்கள் செத்துக் கரை ஒதுங்கிய செய்தி வந்தபோது அப்பா டிவியை அணைத்துவிட்டார்.

பூநாரைப்பித்தன்:
குதிரைக்காக ரொம்ப உருகாதீர்கள். அது காட்டு விலங்கே இல்லை, எப்போதோ வளர்த்தவர்கள் விட்டுப்போனதன் வாரிசு. 1967இல் சரணாலயம் வந்ததே வெளிமானுக்காக. புல்லிலும் தண்ணீரிலும் பங்குக்கு வருவது குதிரை. சீமைக்கருவேலங்காயைத் தின்று சாணத்தில் விதையைப் பரப்புவதும் அதுதான். சித்திரையில் போனதே தப்பு. மார்கழி, தையில் போங்கள், பூநாரையும் பார்க்கலாம். விடியுமுன் கிளம்புங்கள். தொப்பி, தண்ணீர் கட்டாயம். தின்பண்டப் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்காதீர்கள், குரங்கு பிடுங்கிவிடும். சேற்றில் செருப்போடு இறங்கவே கூடாது. என்னுடைய இடதுகால் செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அளத்துக்காரன்:
சீமைக்கருவேலை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தது குதிரையா சார்? செருப்பு கிடைத்தால் சொல்கிறேன்.

தஞ்சாவூரான்:
சண்டை வேண்டாம். ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த அரை பாட்டிலை நானும் குடிக்கவில்லை. வேதாரண்யத்தில் பஸ் ஏறும்போது, தண்ணீர் சூடாகிவிட்டதென்று தரையில் கொட்டினேன்.