டிஸ்கோனை மாடியில் ஏற்றினேன், வந்துகொண்டிருந்ததும் போய்விட்டது

செவிகொடுத்தவன்

டிஸ்கோன் ஆன்டெனா (தட்டும் கூம்புமாக, பல அலைவரிசைகளை ஒன்றாகப் பிடிப்பது), நாலு மீட்டர் குழாய், 20 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் (நடுவில் ஒரு கம்பி, சுற்றிச் செம்பு வலை). இரண்டு நாள் மாடியில் வெயில் காய்ந்து கட்டி முடித்தேன். கீழே வந்து ஸ்கேனரில், விமானப் பேச்சையெல்லாம் தேடிப் பிடித்துக் கேட்கிற ரேடியோவில், சொருகினால், இத்தனை நாள் சன்னலோரம் வைத்துக் கேட்ட குட்டி ரப்பர் ஆன்டெனாவில் வந்தது கூட வரவில்லை. விமானங்கள் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுகின்றன. மற்ற அலைவரிசைகளில், இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் குமிழை எவ்வளவு திருகினாலும் ஒரே இரைச்சல்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. எனக்கு முக்கியமான அலைவரிசை விமானங்கள் பேசுகிற 119.0 மெகாஹெர்ட்ஸ். அதில் பாட்டு ஓடுகிறது. தொண்டை கட்டிய ஒருவர் தகர டப்பாவுக்குள் தலையை விட்டுப் பாடுகிற மாதிரி, ஆனால் பாட்டுதான். அதற்கு நடுவில் ஒரு பைலட் உயரத்தைச் சொல்ல ஆரம்பித்தார், "ஒன்பதாயிரம்" வரைக்கும் கேட்டது, மீதியைப் பாட்டு விழுங்கிவிட்டது. வெறுத்துப்போய்க் கேபிளைக் கழற்றிவிட்டுப் பழைய ரப்பர் ஆன்டெனாவை மாட்டினேன். அதே பைலட் பளிச்சென்று பேசுகிறார். கையளவுகூட இல்லாத அந்த ரப்பர் துண்டைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

ஒற்றை இழை

ஆகியிருக்கிறது. பாட்டு வரவில்லை, மற்றதெல்லாம் அப்படியே. எனக்கு எட்டு மாதம் போனது. ஆன்டெனாவை மாற்றினேன், இடத்தை மாற்றினேன், ஸ்கேனரையே கூட மாற்றலாமா என்று யோசித்தேன். கடைசியில் மல்டிமீட்டரை எடுத்து, இரண்டு முனையும் எதிலும் மாட்டாமல் கேபிளின் நடுக்கம்பிக்கும் வெளி வலைக்கும் வைத்துப் பார்த்தால் 'பீப்'. கேபிள் முனையில் இருக்கிற பிஎன்சி கனெக்டரைப் பிரித்தேன். வலைப்பின்னலின் ஒரே ஒரு இழை, தலைமுடியை விட மெல்லியது, மடங்கி உள்ளே போய் நடு ஊசியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. நகத்தால் ஒதுக்கினேன். ஸ்கேனர் ஏற்கெனவே ஆனில் இருந்தது, கனெக்டர் இன்னும் மூடாமலே மாட்டினேன், மூன்று சேனல் ஒன்றன்பின் ஒன்றாக நின்று பேசின. அந்த இழையைப் போட்டது வேறு யாரும் இல்லை, நான்தான். முதலில் மீட்டரை வையுங்கள்.

இருட்டில் கேட்டவன்

என் கதை வேறு. ஆன்டெனா, கேபிள், கனெக்டர் எல்லாம் சுத்தம். ஆனாலும் விமான அலைவரிசை முழுக்க ஒரு கரகரப்பு, ஆன்டெனாவை எங்கே நகர்த்தினாலும் கூடவே வரும். ஒரு நாள் இரவு கரண்ட் போனது. ஸ்கேனர் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு அணைந்த அதே நொடியில் கரகரப்பும் அணைந்தது. முதலில் ஸ்கேனரும் செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்புறம் அந்த இருட்டில், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஒரு குரல். ஆன்டெனா வாங்கிய நாளிலிருந்து அப்படி ஒரு தெளிவைக் கேட்டதில்லை. நாற்பது நிமிடம் மெழுகுவர்த்தி கூட ஏற்றாமல் கேட்டேன். கரண்ட் வந்தது, கரகரப்பும் வந்தது, எனக்குக் கரண்ட் மேலேயே கோபம்.

மறுநாள் ஒவ்வொரு பிரேக்கராக இறக்கிப் பார்த்தேன். பிள்ளைகள் அறையில் போன் எதுவும் மாட்டாமல் சுவரில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பழைய சார்ஜர். அவ்வளவுதான். எனவே செவிகொடுத்தவன் சார், மீட்டருக்கு முன்னால் மெயினை இறக்கிப் பாருங்கள், பேட்டரி இருந்தால். எல்இடி விளக்குகளும் இதே வேலையைச் செய்யும். 125 மெகாஹெர்ட்ஸ் பக்கம் மட்டும் இரைச்சல் என்றால் ரவுட்டருக்குப் போகிற நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். நூறு மெகாபிட் ஈதர்நெட் ஓடுவதே அந்த வேகத்தில்தான்.

பழைய கை

மேலே மல்டிமீட்டர் சொன்ன நண்பருக்கு: ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு வைத்தால் சரி. எல்லாரும் அப்படி வைப்பதில்லை. நான் ஆன்டெனா மாட்டிய நிலையிலேயே கீழிருந்து மீட்டரை வைத்து, 'ஷார்ட்' காட்டுகிறதே என்று ஒன்றுக்கு மூன்றாகக் கனெக்டர்களை வெட்டி எறிந்தவன். என்னுடையது மடக்கு டைபோல். அதில் நடுக்கம்பியிலிருந்து வெளி வலைக்குக் கம்பி தொடர்ச்சியாகவே போகும், மீட்டருக்கு அது எப்போதும் ஷார்ட்தான், ரேடியோ அலைக்கு அப்படி இல்லை. மூன்றாவது கனெக்டரை வெட்டி, கத்தரிக்கோல் கையில் இருக்கும்போதுதான் உறைத்தது. டிஸ்கோன் திறந்த சுற்று, அதில் பீப் வந்தால் கோளாறுதான்.

சரி, கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். 20 மீட்டர் ஆர்ஜி-58 என்றவுடனே எனக்குக் கை துறுதுறுக்கிறது. 120 மெகாஹெர்ட்ஸிலேயே வருகிற சக்தியில் பாதிக்கு மேல் அந்தக் கேபிள் தின்றுவிடும், 450 பக்கம் போனால் ஐந்தில் ஒரு பங்கு கீழே வந்தால் அதிர்ஷ்டம். டிவிக்குப் போடுகிற ஆர்ஜி-6 இதைவிட எவ்வளவோ மேல். 75 ஓம் கேபிளை 50 ஓம் ஸ்கேனரில் மாட்டலாமா என்று உடனே யாராவது கிளம்புவார்கள். மாட்டலாம், அந்தப் பொருத்தமின்மையால் போவது கால் டெசிபெல் கூட இல்லை, கேபிள் மாற்றியதில் மிச்சமாவது அதைப்போலப் பல மடங்கு. ஆம்ப்ளிஃபையர் வாங்குகிற யோசனை இருந்தால் கேபிளின் கீழ்முனையில் வைக்காதீர்கள், கேபிள் தின்ற பிறகு மிஞ்சியதை இரைச்சலோடு சேர்த்துப் பெரிதாக்கி என்ன பயன், மேலே ஆன்டெனாவின் காலடியில் வைக்க வேண்டும். ஆன்டெனாவைப் படுக்க வைக்கவே வைக்காதீர்கள். விமானமோ கப்பலோ வாக்கி-டாக்கியோ எல்லாம் செங்குத்து அலைதான், படுத்த ஆன்டெனாவில் 20 டெசிபெல் வரை காணாமல் போகும். இன்னொன்று, கட்டுப்பாட்டுக் கோபுரம் கேட்கவில்லையே, விமானம் மட்டும் கேட்கிறதே என்று புலம்புகிறவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் ரேடியோ தொடுவானம், அதாவது அலை எட்டுகிற எல்லை, கிலோமீட்டரில் வரும். பத்தாயிரம் மீட்டரில் பறக்கிறவனுக்கு 412 கிலோமீட்டர். ஒன்பது மீட்டர் மாடிக்கு 12 கிலோமீட்டர் சொச்சம். இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். கோபுரம் உங்கள் தொடுவானத்துக்கு அந்தப் பக்கம் இருந்தால் எந்த ஆன்டெனா வாங்கினாலும் ஒன்றும் ஆகாது.

மழைக்காலம்

சுருக்கமாகச் சொல்கிறேன், பழைய கை மாதிரி எழுத எனக்குப் பொறுமை இல்லை. எனக்கு முதலில் மழை நாளில் மட்டும் மங்கியது. அப்புறம் மழைக்கு மறுநாளும். அப்புறம் எப்போதும். கேபிளைக் கீழே, ஸ்கேனருக்குப் பக்கத்தில் வெட்டினேன், மாடியிலிருந்து 15 மீட்டர் தள்ளி, வீட்டுக்குள். வெட்டின இடத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் மேசைமேல் விழுந்தது. செம்பு வலை கரி மாதிரி கறுத்திருந்தது. மேல் கனெக்டரில் சுற்றியிருந்தது சாதாரண இன்சுலேஷன் டேப், வெயிலில் பசை விட்டுப்போயிருக்கிறது. வலைக்குள் நீர் திரி ஏறுகிற மாதிரி ஊறிக்கொண்டே வரும் போல. இப்போது தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்தான், சுவருக்குள் நுழைகிற இடத்தில் கேபிளுக்கு ஒரு தொங்கல் வளைவும் விட்டிருக்கிறேன், தண்ணீர் அங்கேயே சொட்டட்டும் என்று. அந்த ஒரு சொட்டை மறக்க முடியவில்லை.

சும்மா கேட்பவன்

நீங்களெல்லாம் கண்டாவது பிடித்தீர்கள். நான் மூன்று வாரம் ஆன்டெனாவோடு மல்லுக்கட்டினேன், ஒரு குறிப்பிட்ட சேவையின் சேனல்கள் திடீரென்று ஊமையாகிவிட்டன என்று. ஒரு நாள் ஸ்குவெல்ச்சை முழுக்கத் திறந்து வைத்துக் கவனித்தேன். அவர்கள் பேசுகிற நேரத்தில் சிக்னல் கோடுகள் முழுதாக ஏறுகின்றன. குரல்தான் இல்லை, அதற்குப் பதில் டர்ர்ர் என்று ஒரு சீரான உறுமல். டிஜிட்டலுக்கு மாறிவிட்டார்கள், சங்கேதமும் போட்டுவிட்டார்கள். சிக்னல் அவ்வளவு அருமையாக வந்துகொண்டிருந்தது, மூன்று வாரமும்.

இருட்டில் கேட்டவன்

அது ரிசெப்ஷன் கோளாறே இல்லையே சார், இங்கே கேட்டது வேறு.

சும்மா கேட்பவன்

தெரியும். கோளாறு என்று நினைத்து மாடி ஏறியது நான்தானே, அதைத்தான் சொன்னேன். உங்கள் சார்ஜர் மட்டும் ஆன்டெனா கோளாறா?

அரைமீட்டர்

பாட்டைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லையே, ஆளாளுக்குக் கேபிளை வெட்டச் சொல்கிறீர்கள். செவிகொடுத்தவன், ஒரு கேள்வி. உங்கள் பக்கத்தில் 97.6இல் எஃப்எம் நிலையம் இருக்கிறதா? இருந்தால் அதை ஒரு சாதாரண ரேடியோவில் வைத்து, 119.0இல் ஸ்கேனரையும் வைத்து, இரண்டிலும் ஒரே பாட்டா என்று பாருங்கள்.

எனக்கு நடந்தது இது. நள்ளிரவில் 121.0இல் ஒருவர் செய்தி வாசித்தார். விமானத்தில் என்னவோ விபரீதம் என்று பதறி எழுந்து உட்கார்ந்துவிட்டேன், அப்புறம் வானிலை சொல்லிவிட்டு நன்றி வணக்கம் என்றார். ஸ்கேனர் பிடித்த அலையை உள்ளே வேறொரு நிலையான அதிர்வெண்ணுக்கு மாற்றிக்கொள்ளும், அதுதான் இடைநிலை அதிர்வெண்; பழைய வகை ஸ்கேனர்கள் பலவற்றில் முதலாவது 10.7 மெகாஹெர்ட்ஸ். அதனால் நீங்கள் வைத்திருக்கும் இடத்துக்கு 21.4 கீழே இருக்கிற பலத்த நிலையம் ஒன்று நிழலாக அங்கேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். 121.0இல் 21.4ஐக் கழித்தால் 99.6, அங்கேதான் என் செய்தி வாசிப்பாளர் இருந்தார். சன்னலோர ரப்பர் ஆன்டெனாவுக்கு அந்த நிலையம் பலவீனம். மாடியிலிருந்து உங்கள் டிஸ்கோன் அதை நேராகப் பார்க்கிறது, 88லிருந்து 108 வரை உள்ள அத்தனை நிலையங்களையும் அள்ளி ஸ்கேனர் வாயில் கொட்டுகிறது. ஆன்டெனா கெட்டது இல்லை, அளவுக்கு மேல் நல்லது.

ஸ்கேனரில் அட்டெனுவேட்டர் பொத்தான், அதாவது உள்ளே வருகிற சிக்னலைக் குறைக்கிற பொத்தான், இருந்தால் அழுத்துங்கள். 119.0இல் பாட்டும் விமானமும் ஒன்றாகத் தேய்ந்தால் அது நிழல், பொத்தானால் தீராது. மற்ற இடத்து இரைச்சல் சட்டென்று விலகி அடியில் குரல் தெரிந்தால் முன்முனை, அதாவது ஆன்டெனா சிக்னல் முதலில் நுழைகிற பகுதி, பலத்த நிலையங்களால் திணறிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். எஃப்எம் பட்டையை மட்டும் தடுக்கிற ஃபில்டர் தனியாகவே கிடைக்கிறது. அது வரும்வரை பொறுமை இல்லையென்றால் மூன்று வாய் உள்ள ஒரு டி-கனெக்டரில் ஆர்ஜி-58 துண்டு ஒன்றைக் கிளையாகத் தொங்கவிடுங்கள், கடைசி முனை எதையும் தொடாமல் திறந்தே இருக்கட்டும். 97.6க்குக் கால் அலைநீளம் 77 சென்டிமீட்டர், கேபிளுக்குள் அலை மெதுவாகப் போவதால் 0.66ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 51, அந்த நீளத்தில் துண்டு 97.6ஐ விழுங்கிவிடும். 55இல் ஆரம்பித்து வெட்டிக்கொண்டே வாருங்கள். 119இலும் கொஞ்சம் சத்தம் குறையும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பழைய கை

நிழல் என்றால் எல்லா ஸ்கேனரிலும் வராது, புதியவற்றில் இடைநிலை அதிர்வெண்ணை எங்கேயோ உயரத்தில் வைத்திருப்பார்கள். எந்த மாடல் என்றே கேட்காமல் கேபிளை வெட்டச் சொல்லக்கூடாது. கேபிளை மாற்றச் சொன்னது இப்போதும் சரிதான்.

செவிகொடுத்தவன்

மாடல் பழையதுதான், அண்ணன் வைத்திருந்து எனக்குக் கொடுத்தது. மீட்டர் வைத்தேன், ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, பீப் இல்லை. மெயினை இறக்கினேன், இரைச்சல் கொஞ்சமும் மாறவில்லை, ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறந்து திட்டு வாங்கியதுதான் மிச்சம். அப்புறம் சமையலறை ரேடியோவை 97.6இல் வைத்தேன். அதே பாட்டு. ஒரே வரி, ஒன்று பக்கத்தில் தேனாக, இன்னொன்று ஸ்கேனரில் தகர டப்பாவாக. சிரித்துவிட்டேன்.

பொத்தானை அழுத்தினால் 119.0இல் இரண்டும் சேர்ந்தே தேய்ந்தன, மற்ற இடங்களில் இரைச்சல் விலகியது. ஆக எனக்கு இரண்டு நோயும் இருக்கிறது. ராத்திரி டி-கனெக்டரில் 55 சென்டிமீட்டர் துண்டு தொங்கவிட்டு அரை அரை சென்டிமீட்டராக வெட்ட ஆரம்பித்தேன். 53 வரை பாட்டு அசையவில்லை. 52இல் பாடகர் அடுத்த அறைக்குப் போனார். 51இல் தெருவுக்குப் போனார். 50.5இல் வெறும் மூச்சு மாதிரி ஏதோ இருந்தது, அதற்கு மேல் வெட்டப் பயந்து கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். ஐந்து நிமிடம் ஒன்றுமே இல்லை, சரி, ஸ்கேனரையே செவிடாக்கிவிட்டோம் என்று நினைக்கும்போது ஒரு பைலட் உயரத்தைச் சொன்னார், கடைசி எண் வரைக்கும்.

கோபுரம் இன்னும் கேட்கவில்லை. பழைய கை, உங்கள் கணக்குப்படி அது தொடுவானத்துக்கு இந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும், நடுவில் ஒரு குன்று இருக்கிறது. கேபிளை மாற்றுவது பற்றி இப்போதைக்குப் பேச வேண்டாம், மாடி ஏறிய கால் இன்னும் வலிக்கிறது.