குண்டுவீச்சு விதியில் சொந்தப் படையே அடிவாங்குகிறது, உதவி வேண்டும்

தக்கலை44: நாங்கள் நான்கு பேர் ஞாயிறுதோறும் அட்டைப் போர் விளையாட்டு ஆடுகிறோம். இரண்டாம் உலகப் போர், 1944 பிரான்ஸின் நார்மண்டி, அறுகோணக் கட்டங்கள், ஒரு கட்டம் 200 மீட்டர், விதிகள் நாங்களே எழுதியவை. விமானக் குண்டுவீச்சுக்கு இலக்கைச் சொல்லி இரண்டு பகடை உருட்டுவோம். கூட்டல் 6 அல்லது அதற்குக் கீழே வந்தால் குண்டு விலகும். எந்தப் பக்கம், எத்தனை கட்டம் என்பதை அடுத்த இரண்டு பகடை சொல்லும். நேற்று என் மூன்று படைக் கம்பெனிகள் போய்விட்டன, எதிரிக்கு ஒரு கீறல்கூட இல்லை. கல்யாணப் பத்திரிகை அட்டையில் உட்கார்ந்து வெட்டிய வில்லைகளை நானே எடுத்துப் பெட்டிக்குள் போட்டேன். இப்போது விமானத்தை யாரும் கூப்பிடுவதே இல்லை. விதியை எடுத்துவிடலாமா?

குளச்சல் கடற்கரை: 6-ஐ 4 ஆக்கிப் பாருங்கள். 36-ல் 15 தடவை விலகுவது 6 தடவையாகக் குறையும்.

ஆரல்வாய்மொழி: எண்ணைவிடத் திசைதான் தப்பு தம்பி. குண்டு ஆறு பக்கமும் ஒரே மாதிரி விலகாது. விமானம் வந்த வழியில்தான், பெரும்பாலும் இலக்குக்கு முன்பே விழும். முன்னால் போனவர் கிளப்பிய புகையைப் பார்த்து, பின்னால் வருகிறவர் இன்னும் கொஞ்சம் முன்னதாகப் போட்டுவிடுவார். 1944 ஜூலை 25, நார்மண்டியில் செயின்ட் லோ ஊர்ப் பக்கம், அமெரிக்கப் படையின் கோப்ரா என்ற தாக்குதலில் நடந்தது இதுதான். குண்டு விழும் எல்லையாக வைத்த சாலைக்கு இணையாகப் பறக்கச் சொன்னார் அமெரிக்கத் தளபதி பிராட்லி. விமானங்களோ சொந்தப் படையின் தலைக்கு மேலாகக் குறுக்கே வந்தன. தெற்குக் காற்று புழுதியை அமெரிக்கப் பக்கமே தள்ள, அந்தச் சாலை மறைந்துபோனது. அமெரிக்கப் படையினரே 111 பேர் இறந்தார்கள். லெப்டினன்ட் ஜெனரல் மெக்நேரும் அதில் ஒருவர். கணவாய்க் காற்றில் வளர்ந்தவன் நான். அந்தப் புழுதி எப்படி நகர்ந்திருக்கும் என்று எனக்குக் கண்ணில் தெரிகிறது.

அதனால் விமானம் நுழையும் கோட்டை ஆட்டக்காரரே முதலில் குறிக்கட்டும். விலகினால் பகடையில் 1 முதல் 4 வரை இலக்குக்கு முன்னால், 5, 6 அப்பால். போர்முனைக்கு இணையாக வந்தால் நம் ஆட்கள் தப்புவார்கள். ஆனால் எதிரியின் விமான எதிர்ப்புப் பீரங்கிக்குக் கூடுதலாக ஒரு பகடை கொடுங்கள். அன்று இணையாக வர விமானப்படை தயங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

தக்கலை44: சரி அண்ணா. இது நம் படை என்று விமானத்துக்குக் காட்ட மஞ்சள் புகை போட்ட கம்பெனிக்குப் பாதுகாப்பு கொடுக்கலாமா?

ஆரல்வாய்மொழி: கொடுங்கள், முழுசாக வேண்டாம். அதே ஆண்டு ஆகஸ்ட் 14, நார்மண்டியில் ட்ராக்டபிள் என்ற தாக்குதலில் கனடியப் படையின் அடையாளப் புகை மஞ்சள். குண்டுவீச்சு விமானங்களின் இலக்குக் குறியும் மஞ்சள். காப்பாற்றச் சொல்லிப் போட்ட புகையே குண்டைக் கூப்பிட்டது. பகடையில் இரண்டு ஒன்று விழுந்தால் புகைதான் இலக்கு என்று வையுங்கள்.

தக்கலை44: இன்று ராத்திரி ஆடிப் பார்த்தோம். இணைக் கோட்டில் விட்டேன். இரண்டு விமான வில்லைகள் போயின, கம்பெனிகள் அத்தனையும் பலகையில் இருக்கின்றன. அடுத்த முறை எதிராளியும் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறான்.