கார் கண்ணாடி மெஷின்: வீட்டில் கழற்றலாமா, பட்டறைக்குப் போகலாமா?

காட்பாடிவாசி: வண்டிக்கு 15 வயது. டிரைவர் பக்கக் கண்ணாடி ஒரு மாதமாகவே முக்கி முனகித்தான் ஏறியது. நேற்று வேலூர் கிரீன் சர்க்கிள் பக்கம் போகும்போது கதவுக்குள் 'டப்' என்று சத்தம். கண்ணாடி பொத்தென்று உள்ளே போய்விட்டது. பட்டனை அழுத்தினால் மோட்டார் சுற்றுகிற சத்தம் மட்டும் வருகிறது. பட்டறையில் கண்ணாடி மெஷினை, அதாவது கண்ணாடியை ஏற்றி இறக்குகிற அமைப்பை, மோட்டாரோடு மொத்த செட்டாக மாற்றச் சொல்கிறார்கள். நானே பார்க்கலாமா?

பாகாயம்_பழையவண்டி: தாராளமாகப் பார்க்கலாம். மோட்டார் சுற்றுகிறதே, அதை எதற்கு மாற்ற வேண்டும்? கேபிள் அறுந்திருக்கும், இல்லையென்றால் கண்ணாடியைத் தாங்கும் பிளாஸ்டிக் புஷ் உடைந்திருக்கும். இனி பட்டனைத் தொடாதீர்கள், கேபிள் உருளையில் சிக்கிக்கொள்ளும்.

சத்துவாச்சாரி_பட்டறை: இப்படித் 'தாராளமாக' ஆரம்பித்தவர்கள்தான் மறுநாள் கண்ணாடியைக் கற்கண்டு மாதிரி பையில் அள்ளிக்கொண்டு எங்களிடம் வருகிறார்கள். கத்திரி மாதிரி இரண்டு கை குறுக்கே போகிற மெஷினாக இருந்தால், கண்ணாடி எடையைத் தாங்க ஒரு ஸ்பிரிங் முறுக்கேறி நிற்கும். மெஷினின் கையை அசையாமல் கட்டாமல் மோட்டாரைக் கழற்றினால் சடாரென்று அடிக்கும். விரலுக்கு யார் பொறுப்பு?

பாகாயம்_பழையவண்டி: அண்ணே, ஸ்பிரிங் விஷயம் நியாயம்தான். ஆனால் டோர் பேடை (கதவின் உள்பக்க மூடியை)க் கழற்றினால் கேபிளா கத்திரியா என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். கத்திரி என்றால் அப்படியே மூடிவிட்டு உங்களிடம் வரட்டும். காட்பாடிவாசி, முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுங்கள். கைப்பிடிக் குழிக்குள் ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். அதை விட்டுவிட்டு பேடை இழுத்தால் பேட் உடையும். கண்ணாடியை இரண்டு கையாலும் மேலே தூக்கி, கதவின் மேல்சட்டத்தோடு சேர்த்து அகலமான டேப்பை நாலைந்து சுற்று ஒட்டுங்கள். இதைச் செய்யாமல் போல்ட்டைத் தொட்டால்தான் அண்ணன் சொன்ன கற்கண்டு. கையுறையும் வேண்டும், உள்தகரம் பிளேடு மாதிரி இருக்கும். என் புறங்கையில் தழும்பு இருக்கிறது.

சத்துவாச்சாரி_பட்டறை: சரி, கழற்றிவிட்டார். புது மெஷினும் போட்டுவிட்டார். ஏன் போச்சு என்று பார்த்தாரா? ஒரு மாதம் முனகியது என்கிறார். கண்ணாடி ஓடுகிற ரப்பர் சேனல் நம்ம ஊர் வெயிலில் காய்ந்து விறைத்திருக்கும், பத்தாததற்குப் புழுதி. மோட்டார் ஒரு பக்கம் இழுக்க, ரப்பர் இன்னொரு பக்கம் பிடிக்க, நடுவில் உடைவது புஷ். ரப்பரைக் கவனிக்காவிட்டால் புது மெஷினுக்கும் அதே கதிதான்.

பாகாயம்_பழையவண்டி: ரப்பரைத் துடைத்து சிலிகான் ஸ்பிரே அடிக்கக்கூடவா பட்டறைக்கு வர வேண்டும்?

சத்துவாச்சாரி_பட்டறை: நீங்கள் சிலிகான் அடிப்பீர்கள். அடுத்த ஆள் தேங்காய் எண்ணெய் விட்டுக்கொண்டு வருகிறார். எண்ணெயில் புழுதி அப்பி, மை மாதிரி ஆகிவிடுகிறது.

ஆம்பூர்க்காரி: சண்டை நடக்கட்டும். மெஷின் தனியாகவும் கிடைக்கும், மோட்டாரோடும் கிடைக்கும், விலை வேறு. பழையதைக் கையில் எடுத்துப்போய்க் காட்டி வாங்குங்கள். இடது வலது மாறி வாங்கிவந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவள் நான்.

காட்பாடிவாசி: கழற்றிவிட்டேன். கேபிள் மெஷின்தான். கேபிள் நுனி துடைப்பம் மாதிரி பிரிந்து கிடக்கிறது, புஷ் மூன்று துண்டு. 10 நம்பர் ஸ்பேனர் ஒன்றே போதுமாக இருந்தது. ஆனால் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் ஷீட்டை அவசரத்தில் கிழித்துவிட்டேன். அது இல்லாவிட்டால் என்ன?

சத்துவாச்சாரி_பட்டறை: சொன்னேனா இல்லையா! கண்ணாடி வழியாக இறங்குகிற மழைத் தண்ணீர் அந்த ஷீட்டில் பட்டுத்தான் கதவின் அடி ஓட்டைக்குப் போகும். ஷீட் இல்லையென்றால் பேட் ஊறும், கால் மேட் நாறும். தடிமனான பாலித்தீனை அதே அளவில் வெட்டி, சுற்றிலும் இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். கீழ்முனை மட்டும் கதவுக்கு உள்பக்கமாகப் போக வேண்டும்.

பாகாயம்_பழையவண்டி: அண்ணே, இதை வீட்டிலேயே செய்யலாம் இல்லையா?

சத்துவாச்சாரி_பட்டறை: செய்யட்டும். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் போல்ட்டை இறுக்கச் சொல்லுங்கள். சாய்ந்து ஏறினால் திங்கட்கிழமை கடை திறந்திருக்கும்.